நாயோடு வீதியிற் செல்லுதல்



திருகோணமலை நகரில் மாலை 5 மணிக்குப் பின்னர் உட்துறைமுக வீதியோரம் சிறிது நேரம் நிற்பவர்கள், நாயைக் கயிற்றிற் பிடித்தபடி உலாவச் செல்வோர் சிலரைக் காணலாம். சிலரைத்தான் காணலாம். நகரிலே நாய் வளர்க்கும் வீடுகளோ எத்தனையோ. உவர்மலையில் ஏறினாலும், உப்புவெளிப் பக்கம் போனாலும், படலைதோறும் ஒரு குரைப்பு நம்மை வரவேற்கின்றது. இவ்வளவு நாய்களுள் வீதிக்கு வருபவை ஏன் இத்துணைக் குறைவு என்று கேட்டால், வீட்டுக்காரரிடமிருந்து வரும் விடை பெரும்பாலும் ஒன்றேயாம். "வெளியிலே கொண்டு போகேலாது. வேறை நாயைக் கண்டால் இழுத்துக்கொண்டு ஓடும், பிடிக்க ஏலாது."

இந்த விடை சிறியதாகத் தோன்றலாம். அதன்பின் அந்த நாய்க்கு நேர்வதைப் பார்த்தால், சிறியதன்று என்பது விளங்கும். இழுக்கின்றதென்று உலாவை நிறுத்திவிடுகின்றோம். உலா நின்றுபோன நாய், பிற நாய்களைப் படலையின் இடுக்கினூடாக மாத்திரமே காண்கின்றது. வீதியிலே ஒரு நாய் தன்பாட்டிற் போகின்றது. உள்ளே நிற்பது குரைக்கின்றது. வீதிநாய் தன் வழியே போய்விடுகின்றது. அது எப்படியும் போகவிருந்த நாய்தான். ஆனால் உள்ளே நிற்பதோ, ‘நான் குரைத்தேன், அது போயிற்று’ என்று கணக்கு வைத்துக்கொள்கின்றது. இப்பாடம் நாள்தோறும் பலமுறை நடந்தால், ஓராண்டிலே அந்நாய் குரைப்பில் பெரும் புலமை பெற்றுவிடும். அயலவர் முறையிடுவர், சங்கிலி வரும். சங்கிலியில் நிற்கும் நாய்க்கு ஏக்கமும் சினமும் மிகும்; மிகுந்தபின் பிள்ளைகள் அருகிற் செல்ல அஞ்சுவர். இறுதியில் ஓர் இரவு, எவரும் காணாத வேளையில், அந்த நாய் சந்தைப் பக்கத்திலோ கடற்கரையிலோ இறக்கிவிடப்படும். நன்றியுள்ள பிராணி என்று மேடைதோறும் நாம் புகழ்வது இதனைத்தான்.

ஆகவே, பிற நாய்களுக்கிடையே நம் நாயைக் கவனம் சிதறாமல் நடத்திச் செல்வது எவ்வாறு என்பதனை இன்று உங்களுடன் பேச விழைகின்றேன். இது செல்வந்தர் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டா. நாய் ஒன்று தன் ஆயுளைச் சங்கிலியிற் கழிப்பதா, மனிதரோடு கழிப்பதா என்பது இதிலே தங்கியிருக்கின்றது.

வீதிநாய் இல்லாத வழியாகப் பார்த்து நடப்போம் என்பார் சிலர். இவ்வூரில் அது நடவாத காரியம். இலங்கையில் விசர்நாய்க்கடி நோயைத் தடுப்பதற்கான சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் பிறந்தவை. நெடுங்காலமாகக் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாயிருந்தது. 2006ஆம் ஆண்டிலே அரசு அவ்வழக்கத்தைக் கைவிட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் என்னும் வழிக்குத் திரும்பியது. அது நல்ல வழியே என்பது என் எண்ணம். ஆனால் அதன் பொருள், வீதிநாய் நம் அயலவனாகவே இருக்கப்போகின்றான் என்பதாம். நம் நாய் அவனைக் கடந்து செல்லப் பழகவேண்டும்.

அந்த அயலவனுக்கும் ஒரு நேரசூசி உண்டு. அதனை அறிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் வந்து வாடி அமைத்துத் தொழில் புரிவர். வள்ளங்கள் கரையேறும் வேளையிலும், கரைவலை இழுத்து முடியும் வேளையிலும், திருக்கடலூர்ப் பக்கத்துக் கரையிலே கழிவுமீனை எதிர்பார்த்து நாய்கள் கூட்டமாய் நிற்கும். உணவுக்காகக் கூடி நிற்கும் நாய்கள் உறவு பாராட்டும் நிலையில் இருப்பதில்லை. அந்த வேளையில், அந்த இடத்தில், பழகாத நாயைக் கயிற்றிற் கட்டிக் கொண்டுபோய் நிறுத்துவது, எழுத்தறியாத பிள்ளையைப் பரீட்சை மண்டபத்தில் இருத்துவதற்கு ஒப்பாகும். வாடைக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலோ அதே கரை வெறிச்சோடிக் கிடக்கும். பயிற்சிக்கு அது நல்ல காலம். மழை விட்ட மாலைகளைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

இனி, நாய் ஏன் இழுக்கின்றது? பகையினாலே என்று நாம் உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். பகை ஒரு காரணந்தான். ஆயினும் அது ஒன்றே காரணமன்று. பல நாய்கள் விளையாட விரும்பியே இழுக்கின்றன. கயிறு தடுப்பதனால் அந்த விருப்பம் சினமாக மாறுகின்றது. வேறு பல, அச்சத்தினால் முந்திக்கொண்டு குரைக்கின்றன. கட்டற்ற நாய்கள் இரண்டு வெளியிலே சந்திப்பதைக் கவனித்திருக்கின்றீர்களா? அவை நேருக்கு நேர் வருவதில்லை. சற்று வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, மோந்து பார்த்து, விருப்பமின்றேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகும். நாம் கயிற்றை இறுகப் பிடித்து, குறுகிய ஒழுங்கையிலே, இரண்டு நாய்களை மூக்கோடு மூக்காக எதிரெதிரே நடத்துகின்றோம். நாய்களின் மரியாதையில் அது பெரும் அவமதிப்பு. விலகிப் போகவும் கயிறு விடுவதில்லை. கழுத்து நெரிகின்றது, பின்னால் எசமானின் கூச்சல் கேட்கின்றது. இத்தனையும் பிற நாயைக் கண்டவுடன் நேர்வதனால், ‘பிற நாய் என்பது துன்பத்தின் முன்னறிவிப்பு’ என்று அது முடிவு செய்தல் இயல்பன்றோ?

ரஷ்ய நாட்டு அறிஞர் பவ்லவ் சமிபாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னோடியாக வரும் ஒலியைக் கேட்ட மாத்திரத்தே நாய்க்கு வாயூறும் என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. எது எதனை முன்னறிவிக்கின்றது என்பதை நாய் ஓயாது கற்றுக்கொண்டே இருக்கின்றது. நாம் கற்பிக்கின்றோமோ இல்லையோ, அது கற்கின்றது. நமது வேலை, அந்த முன்னறிவிப்பின் பொருளை மாற்றுவது. பிற நாய் தோன்றினால் நல்லது ஏதோ எசமானிடமிருந்து வரும் என்று ஆக்கிவிட்டால், நாய் பிற நாயைக் கண்டவுடன் எசமானின் முகத்தைப் பார்க்கும். இத்தனை சொற்களில் இன்று நான் கூற வந்தது இவ்வளவே. ஆனால் செய்முறையிலே சில நுட்பங்கள் உண்டு.

முகத்தைப் பார்ப்பது நாய்க்குப் புதிதன்று. 2003ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ற் நகர ஆய்வாளர்கள், மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் வீட்டு நாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். உணவை எடுக்கமுடியாதபடி அடைத்து வைத்தபோது, ஓநாய்கள் தாமே போராடிக்கொண்டிருந்தன; நாய்களோ சற்று முயன்றபின் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. 2015ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. நாயும் எசமானும் ஒருவரையொருவர் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஒட்சிற்றோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் மிகுகின்றதாம். இவையெல்லாம் விலைகொடுத்து வாங்கிய சாதிநாய்களுக்கே பொருந்தும் என்று எண்ணவேண்டா. கொல்கத்தா ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, ஒருநாளும் பழக்கப்படாத தெருநாய்கள் பல, அறியாத மனிதர் கையாற் சுட்டிக்காட்டிய கிண்ணத்தை நாடிச் சென்றன. ஊர்நாய்க்கு அறிவு குறைவு என்பது நம்முடைய வீண் பெருமை.

பயிற்சி வீட்டுக்குள்ளே தொடங்கவேண்டும். சூடை மீனையோ வேறெந்தச் சிறு மீனையோ உப்பின்றி அவித்து, முள் முற்றாக நீக்கி, கடலையளவான துண்டுகளாக்கிக் கொள்ளுங்கள். ஈரலும் ஆகும். கருவாடு உதவாது, உப்பு மிகுதி. நாயின் பெயரைச் சொல்லி ஒருமுறை அழையுங்கள். அது உங்கள் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்திலே, ‘சரி’ என்றோ ‘நல்லது’ என்றோ எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரு துண்டு கொடுங்கள். அச்சொல் அந்தக் கணத்திலேயே வரவேண்டும். சற்றுப் பிந்தினால் நாய் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கே பரிசு கிடைத்ததாக எண்ணிக்கொள்ளும். பெயரை ஏழெட்டு முறை திருப்பித் திருப்பி அழைப்பதும் கூடாது. அவ்வாறு அழைத்தால், எட்டாம் முறை திரும்பினாற் போதும் என்பதையே அது கற்கும். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம், இரண்டு வேளை போதுமானது. வீட்டுக்குள் தவறாமல் திரும்பும் நாயை வளவுக்குள் கொண்டுவாருங்கள்; வளவில் தேறியபின் படலைக்கு வெளியே, வீதி ஓய்ந்திருக்கும் வேளையில்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். இரும்புச் சங்கிலி வேண்டா; அதன் பாரமும் ஓசையுமே நாயைக் கலக்கும். இழுத்தால் இறுகிக் கழுத்தை நெரிக்கும் வளையங்களையும் நான் ஏற்கமாட்டேன். மார்பையும் தோளையும் சுற்றிவரும் வார்க்கச்சு இப்போது கடைகளில் உண்டு. மார்புப் பக்கத்திலே கயிறு மாட்டும் வகையாயின், இழுக்கும் நாய் தன் இழுப்பினாலேயே நம் பக்கம் திரும்பிவிடும். கயிறு இரண்டு மீற்றர் நீளமிருந்தால் நன்று. அதனைக் கையிலே சுற்றிக் கட்டிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் ஒன்று திடீரெனப் பாய்ந்தால், சுற்றிய கயிறு விரலை முறிக்கும். முதியவர்களை வீதியில் வீழ்த்தும். பெரிய நாயின் கயிற்றைச் சிறு பிள்ளைகள் கையில் ஒருபோதும் கொடுக்கலாகாது.

இனித்தான் பயிற்சியின் உயிர்நிலை வருகின்றது. அது தூரம்.

ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எல்லைத் தூரம் உண்டு. அதற்கு அப்பால் பிற நாய் நின்றால், நம் நாய் அதனைக் காணும், ஆயினும் அறிவிழக்காது. அதற்கு உள்ளே வந்துவிட்டாலோ, நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. இந்த எல்லையை அளக்க மீன் துண்டே போதிய அளவுகோல். வீட்டிலே ஆவலோடு தின்கின்ற துண்டை வெளியில் மூக்கருகே நீட்டியும் நாய் ஏறிட்டும் பார்க்கவில்லையாயின், நீங்கள் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள் என்பது உறுதி. திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும்; காதுகள் முன்னோக்கும்; வால் விறைக்கும்; உடல் மரம்போல் நிற்கும். அவ்வேளையில் அதட்டுவதாலோ அடிப்பதாலோ பயனில்லை. திரும்பி நடந்து, தூரத்தைக் கூட்டுவதொன்றே வழி. அது தோல்வியன்று. வைத்தியர் மருந்தின் அளவைக் குறைப்பது போன்றது.

நம் நகரின் அமைப்பு இதற்கு மிக வாய்ப்பானது. கோட்டைக்கு அணித்தேயுள்ள முற்றவெளியும் கடற்கரையும் போல, ஐம்பது அறுபது மீற்றருக்கு அப்பால் ஒரு நாயைத் தெளிவாகக் காணக்கூடிய திறந்த வெளிகள் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை. அங்கே ஒரு புறத்தில் நில்லுங்கள். தொலைவில் ஒரு நாய் படுத்திருக்கின்றது. உங்கள் நாய் அதனைக் காண்கின்றது. காணட்டும், மறைக்கவேண்டா. கண்ட அக்கணத்திலே உங்கள் சொல்லைச் சொல்லி மீன் துண்டைக் கொடுங்கள். மீண்டும் காண்கின்றது, மீண்டும் கொடுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம்: முதலில் பிற நாய், அதன்பின்பே மீன். மீனை முன்னரே நீட்டி நாயின் கண்ணை மறைத்துக்கொண்டு போவோர் பலர். அதனால் நாய் எதனையும் கற்பதில்லை. மீன் தீர்ந்தவுடன் பழைய கதையே.

பத்துப் பதினைந்து முறை இவ்வாறு செய்தபின், ஒரு நாள் அல்லது மறுநாள், ஒரு மாற்றம் நிகழும். நாய் அத்தொலைவுநாயைப் பார்க்கும். நீங்கள் வாய் திறக்கும் முன்னரே சட்டெனத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். ‘அதோ ஒரு நாய், எங்கே என் பங்கு?’ என்பது போல. இதுவரை கொடுத்த மீனெல்லாம் இந்த ஒரு திரும்புதலுக்காகவே கொடுத்தது. அதற்கு ஒரு துண்டன்று, நாலைந்து துண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். அந்த வேளையில் நீங்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், பாவம், அது யார் முகத்தைப் பார்க்கும்? உலாவும்போது நாயைக் காட்டிலும் எசமானரின் கவனமே பெரிதும் சிதறுகின்றதென்பது வீதியில் நிற்பவர் எவர்க்கும் தெரியும்.

அதன்பின் ஐந்து மீற்றர் நெருங்கலாம். படுத்திருக்கும் நாயைக் கடந்து பழகியபின் நடக்கும் நாய். அதன்பின் இரண்டு நாய்கள். ஒருநாளும் நேர்க்கோட்டில் நெருங்காமல் வளைந்து செல்லுங்கள். சில நாய்களுக்குச் சில வாரங்கள் போதும். படலைக் குரைப்பிலே புலமை பெற்றவற்றுக்குப் பல மாதங்கள் செல்லும். இடையிலே ஒரு நாள் எல்லாம் குழம்பிப் பழையபடி பாயும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் தூரத்தைக் கூட்டித் தொடங்கவேண்டும்.

குறுகிய ஒழுங்கையில் என் செய்வது? மதிலுக்கு மதில் மூன்று மீற்றரே உள்ள இடத்தில் தூரம் கிடையாது. நிறுத்தியிருக்கும் முச்சக்கரவண்டியின் பின்னாலோ, வேப்பமரத்தின் பின்னாலோ ஒதுங்கிப் பார்வையை மறைக்கலாம். அல்லது ‘வா’ என்று உற்சாகமாகக் கூறி வந்த வழியே திரும்பலாம். இத்திரும்புதலையும் நாய் ஒன்றும் இல்லாத வேளையிலே பலமுறை விளையாட்டாகப் பழக்கி வைத்திருக்கவேண்டும்.

கட்டற்ற வீதிநாய் தானே நம்மை நோக்கி வருமாயின் வேறு கதை. நம் நாட்டில் யாவரும் அறிந்த உபாயம் ஒன்றுண்டு: கல்லெடுப்பது போலக் குனிதல். கல் இருக்கவேண்டியதுமில்லை, குனிந்தாலே வீதிநாய் ஓடிவிடும். தலைமுறை தலைமுறையாக நம்மிடம் அது கற்ற பாடம். இவ்வுபாயம் இன்றைக்குக் காக்கும்; நாளைக்குக் கெடுக்கும். பிற நாய் வந்தபோதெல்லாம் எசமான் பதறுகிறார், கல்லெடுக்கிறார் என்பதை நம் நாயும் பார்த்துக்கொண்டுதானே நிற்கின்றது? அதனினும் நல்ல வழி, கையிலுள்ள மீன் துண்டுகளில் ஒரு பிடியை வருகின்ற நாயின் முன்னே சிதறிவிட்டு, அது பொறுக்கும் இடைவேளையில் நாம் வளைந்து அப்பாற் போய்விடுவது. பசித்த அயலவனுக்கும் ஒரு வாய் கிடைக்கும். கூட்டமாக வந்து மிரட்டும் நாய்களுக்கு, மடித்த குடையை அவற்றின் பக்கமாகத் திடீரென விரிப்பது உதவும். ஆனால் நம் நாயையும் முன்னரே அந்தக் குடைக்குப் பழக்கிவைத்திருத்தல் வேண்டும். ஓடவேண்டா. ஓடுவதைத் துரத்துதல் நாயின் இயல்பு.

குட்டி வளர்ப்போர்க்கு இத்துணைப் பாடு இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்கொட், புல்லர் இருவரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, ஏறக்குறைய மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாய்க்குட்டி உலகத்தை அஞ்சாது ஏற்கும் பருவம் என்று காட்டினர். தடுப்பூசிகள் முடியாத அப்பருவத்தில் குட்டியைத் தரையில் விடாமல் கையிலேந்திச் சென்று, தொலைவிலிருந்து பிற நாய்களைக் காட்டி வரலாம்.

கோட்டை மான்களைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிவது நம் நகரின் தனிச்சிறப்பு. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் வழியிலே அவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். நாய்க்கோ அவை ஓடும் இரை. துரத்தப்படும் மான் வாகனத்தின் முன்னே பாயும், கம்பியிற் சிக்கும். மேற்கூறிய முறையே மானுக்கும் பொருந்தும். ஆனால் எல்லைத் தூரம் இருமடங்கு என்று கொள்ளுங்கள். மானைக் கண்டு திரும்பிப் பார்க்கப் பழகாத நாயைக் கோட்டைப் பக்கம் கொண்டு செல்லவே வேண்டா.

நாய் எவ்வளவு பழகியதாயினும், ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட பின்னரே வீதிக்கு வரவேண்டும். உலாவின்போது எந்த நாயேனும் உங்களைக் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மஞ்சள் பூசி வீட்டிலிருப்பது உயிருக்கு உலைவைக்கும்.

வெயில் ஏறிய பின்னர் தாரிட்ட வீதி நாயின் பாதத்தைச் சுடும். புறங்கையை வீதியிலே சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காதது அதற்கும் பொறுக்காது. விடியற்காலையிற் செல்வோர், கரையிலே வள்ளங்கள் வந்துசேரும் முன்னரே முற்றவெளிக்குப் போய்வரலாம். அதற்கு மீனை முதல் நாள் இரவே அவித்து, முள் நீக்கி வைத்துவிடுவது வசதி.